பத்தியம் முறிஞ்சதாலயா நோய் திரும்பிச்சு? - ஹெபடைடிஸ் சி சிகிச்சையின் வரலாறு



நம்ம தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் குணமான நோய் ஒருத்தருக்கு மறுபடியும் வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. "பத்தியம் ஒழுங்கா இருந்தியா?" அடுத்ததாக, "எண்ணெய்ப் பலகாரம் ஏதும் தின்னியோ?" என்பார்கள். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் படுத்திருப்பவரின் காதில் அது "எல்லாம் உன்னாலதான்" என்று விழும்.

ஹெபடைடிஸ் சி விஷயத்தில் இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் சரி? இந்தப் பதிவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். நான் மருத்துவ மாணவன் இல்லை, வரலாறு படிக்கிறவன். அதனால் மருந்துச் சீட்டு எழுதப் போவதில்லை :) இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்த கதையை வருஷ வாரியாகப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் சென்னைக்குப் போவோம்

இந்தக் கேள்விக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய பரிசோதனை நடந்திருக்கிறது. நோய் வேறு, அது காசநோய். கேள்வி இதேதான்.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம். மாதக்கணக்கில் படுக்கை, சுத்தமான காற்று, பால், முட்டை, முழு ஓய்வு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு நாட்டில் படுக்கைகள் கொஞ்சம்கூடப் போதவில்லை. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

அங்கே 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயே சிகிச்சை. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்கள் சென்னையின் ஏழைக் குடும்பத்து ஆட்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் நன்றாக இருந்தது, ஓய்வும் அதிகம். 1959-இல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவிலும் குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதோடு அவர்கள் நிறுத்தவில்லை. "இப்போ குணமாயிட்டாங்க, ஆனா வீட்டுல இருந்தவங்களுக்கு நோய் திரும்பி வருமோ?" என்ற சந்தேகம் இருக்கத்தானே செய்யும்? அதனால் ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் குணமானவர்களுக்கு, சானடோரியத்துக்காரர்களைவிட அதிகமாக நோய் திரும்பவில்லை. நோயைத் தீர்த்ததும், திரும்பாமல் காத்ததும் மருந்து. அது சரியான மருந்தாகவும், போதுமான காலத்துக்கும், விடாமலும் இருக்க வேண்டும். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

இந்தக் கதையில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, நோய் திரும்புவதற்குச் சாப்பாட்டைக் குற்றம் சொல்லும் முன் மருந்தைப் பார்க்கணும். இரண்டு, மருந்து முடிந்த நாளில் "குணம்" என்று சொல்லிவிடக் கூடாது. அதற்குப் பிறகும் காத்திருந்து பார்க்கணும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஹெபடைடிஸ் சி-க்கு வருவோம்.

பெயர் இல்லாத நோய்

1970-களின் தொடக்கத்தில் ஹெபடைடிஸ் ஏ, பி இரண்டுக்கும் பரிசோதனை வந்துவிட்டது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் ஈரல் அழற்சிக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். 1975-இல் அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் உள்ளிட்ட குழு சோதித்துப் பார்த்தபோது பெரும்பாலான நோயாளிகளிடம் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. அதற்கு வைத்த பெயரே "ஏ அல்லாத, பி அல்லாத ஹெபடைடிஸ்". 14 வருஷம் இந்தப் பெயரிலேயே ஓடியது. 1989-இல்தான் மைக்கேல் ஹௌட்டன், குய் லிம் சூ, ஜார்ஜ் குவோ, டேனியல் பிராட்லி ஆகியோர் அந்த வைரஸை அடையாளம் கண்டார்கள். ஆல்டர், ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது ரத்தத்தின் வழியே பரவுவது. பரிசோதிக்காமல் ஏற்றிய ரத்தம், கொதிக்க வைக்காத ஊசி, பகிர்ந்துகொண்ட போதை ஊசி, சுத்தம் குறைவான டயாலிசிஸ், பச்சை குத்தும் ஊசி இப்படி. இந்தியாவில் தானம் பெறும் ரத்தத்துக்கு ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவர், ஒரு தப்பும் செய்யாமலே இந்த நோயை வாங்கியிருக்கலாம். 20, 30 வருஷம் கழித்துத்தான் ஈரல் சுருங்கிய பிறகு தெரியவரும்.

கீழாநெல்லிக்கு ஏன் இவ்வளவு பேர்?

மஞ்சள் காமாலை என்றால் நம்ம ஊரில் கீழாநெல்லிதான். அரைத்து மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும், உப்பு புளி ஆகாது, எண்ணெய் கூடவே கூடாது. இந்தப் பத்தியத்துக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது?

தண்ணீர் வழியே வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்தோமோ, எதை விட்டோமோ அதற்கெல்லாம் பேர் போய்ச் சேரும். ஹெபடைடிஸ் சி அப்படி இல்லை. பெரும்பாலும் கண்ணில் மஞ்சளே காட்டாது. உள்ளேயே இருந்து ஈரலை அரிக்கும்.

கீழாநெல்லிக்கு அறிவியல் வரலாறும் உண்டு. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்பது முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அந்த ஆய்வும் பி-க்குத்தான், சி-க்கு அல்ல. இதைச் சொல்வது நாட்டு மருந்தைக் கேலி செய்ய இல்லை. ஹெபடைடிஸ் சி திரும்பி வந்தவர் "இங்கிலீஷ் மருந்து கைவிட்டுடுச்சு, இனி பச்சிலைதான்" என்று போய் வருஷங்களைத் தொலைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் மருந்து, முதல் திரும்பல்

ஹெபடைடிஸ் சி-க்கு மருந்து தேடிய கதையில் நோய் திரும்புவது முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

1986-இல், அதாவது வைரஸையே கண்டுபிடிக்காத காலத்தில், அமெரிக்காவில் ஜே ஹூஃப்நாகல் குழுவினர் 10 நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஈரல் நொதியின் அளவுதான் ஒரே அளவுகோல் (நம்ம லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று இருக்குமே, அது). எட்டுப் பேருக்கு அது இறங்கியது. அந்த எட்டில் இரண்டு பேருக்கு நான்கு மாதத்தில் ஊசியை நிறுத்தினார்கள். இரண்டு பேருக்குமே நொதி மளமளவென்று பழைய அளவுக்கு ஏறிவிட்டது. பதிவான முதல் வெற்றிகளோடு சேர்ந்தே முதல் திரும்பல்களும் பதிவாகிவிட்டன!

1989-இல் பெரிய ஆய்வு. வாரம் மூன்று ஊசி, 24 வாரம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈரல் நொதி சரியானது. அந்தப் பாதியிலும் பாதிப் பேருக்கு, ஊசியை நிறுத்திய 6 மாதத்துக்குள் மறுபடி ஏறியது. இவர்கள் எல்லாரும் ஆய்வுக்கென்று கண்காணிப்பில் இருந்து, கணக்காக ஊசி போட்டுக்கொண்டவர்கள். இத்தனை பேரும் பத்தியம் முறித்தவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? மருந்தின் வலு அவ்வளவுதான்.

இன்டர்ஃபெரான் வைரஸை நேரடியாகத் தாக்குவதில்லை. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும். வைரஸ் பரிசோதனைக் கருவிக்கு எட்டாத அளவுக்குக் குறையும், ஆனால் எங்கோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மருந்து நின்றதும் அது மறுபடி பெருகும். டாக்டர்கள் இதைத்தான் 'ரிலாப்ஸ்' என்கிறார்கள்.

திரும்பியவர்களுக்கே முதல் பந்தி

இதுதான் இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

1990-களில் இன்டர்ஃபெரானோடு ரிபாவிரின் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்ட 345 பேருமே, முன்பு இன்டர்ஃபெரானில் குணமாகி நோய் திரும்பியவர்கள். அதே ஊசியை மட்டும் மறுபடி 24 வாரம் போட்டவர்களில் வைரஸ் நிலையாகப் போனது 5 சதவீதம் பேருக்கு. ஊசியோடு ரிபாவிரினும் சேர்த்தவர்களில் 49 சதவீதம் பேருக்கு!

ஆட்கள் அதே மாதிரி நோயாளிகள். மாறியது மருந்து மட்டும். 5 எங்கே, 49 எங்கே. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1998 ஜூனில் இந்தக் கூட்டு மருந்துக்கு முதலில் அனுமதி கொடுத்ததும் நோய் திரும்பியவர்களுக்குத்தான். முதல்முறை சிகிச்சை எடுப்பவர்களுக்கு அந்த வருஷக் கடைசியில்தான் அனுமதி கிடைத்தது. "ஃபெயில் ஆனவங்க" என்று ஒதுக்கப்பட வேண்டியவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

2001, 2002-இல் வாரம் ஒரு ஊசி போதும் என்கிற பெக்-இன்டர்ஃபெரான் வந்தது. ரிபாவிரினோடு சேர்த்து 48 வாரம் எடுத்தவர்களில் 56 சதவீதம் பேர் வரை குணமானார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் சாதாரணமானதல்ல. ஊசி போட்டால் காய்ச்சல், உடம்பு வலி. ரிபாவிரினால் ரத்தசோகை. பலருக்கு மனச்சோர்வு. இந்தியாவில் செலவு லட்சக்கணக்கில். நகையை விற்று, வேலைக்கு லீவு போட்டு, ஒரு வருஷம் தாங்கி, "வைரஸ் இல்லை" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து சாமிக்கு நேர்ந்ததைச் செலுத்திவிட்டு வந்தவரிடம், சில மாதம் கழித்து "திரும்பிடுச்சு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில்தான் நாம் போய் "என்ன தின்னே?" என்று கேட்கிறோம்.

மருந்துக்கு மசியாதவர்களை என்ன செய்வது என்று டாக்டர்களுக்கும் தெரியாமல் இருந்தது. ஈரல் பாதிப்பு முற்றிய சுமார் 1,050 பேரை வைத்து அமெரிக்காவில் ஹால்ட்-சி என்றொரு ஆய்வு. அவர்களில் ஒரு பிரிவுக்கு மூன்றரை வருஷம் குறைந்த அளவில் ஊசியைத் தொடர்ந்து போட்டார்கள். 2008-இல் முடிவு வந்தது: ஈரல் கெடுவதை அது தடுக்கவில்லை. கசப்பான முடிவுதான். ஆனால் வீணாக ஊசி குத்திக்கொள்வதிலிருந்து மற்றவர்களைக் காப்பாற்றியது. அதன்பின் ஈரல் அதிகம் கெடாதவர்களிடம், "புது மருந்து வருது, பொறுத்திருங்க" என்று பல டாக்டர்கள் சொன்னார்கள். காத்திருப்பதும் ஒரு வைத்தியமாக இருந்த காலம் அது.

மாத்திரைக் காலம்

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றது. இது வைரஸ் பெருகும் வேலையையே நேரடியாக நிறுத்துவது. விலைதான் தலையைச் சுற்ற வைத்தது. ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர்! 2014 செப்டம்பரில் கிலியட் நிறுவனம் 7 இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தது. 2015-இல் இந்தியத் தயாரிப்புகள் கடைக்கு வந்தபோது 28 மாத்திரை கொண்ட டப்பா சுமார் 20,000 ரூபாய். பிறகு போட்டியில் இன்னும் இறங்கியது. 2018 ஜூலை 28-இல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இந்த மாத்திரைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். அப்படியும் சிலருக்குத் திரும்புகிறது. யாருக்கு? இந்தியாவில் அதிகம் காணப்படும் மூன்றாம் மரபு வகையை எடுத்துக்கொள்வோம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் 12 வாரம் கொடுத்தபோது, ஈரல் சுருங்காதவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். ஈரல் சுருங்கியவர்களில் 63 சதவீதம் பேர். ஆக, வைரஸின் வகை, ஈரலின் நிலை, மருந்தின் கூட்டணி, எத்தனை வாரம் என்பவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. நோயாளியின் கையில் இருப்பது ஒன்று: மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுவது. குடியை விட வேண்டும் என்பதும் உண்மை, ஏனென்றால் அது ஈரலைத் தனியாகக் கெடுக்கும். மற்றபடி வடை தின்றதால் வைரஸ் திரும்பாது.

2017-இல் இந்த மாத்திரைகளுக்கும் மசியாதவர்களுக்கென்றே மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆய்வுகளில் அது 95 சதவீதத்துக்கும் மேல் வேலை செய்தது. 1998-இல் நடந்தது போலவே மறுபடியும் திரும்பியவர்களுக்கென்று ஒரு பந்தி.

12 வாரம் ஏன் காத்திருக்கணும்?

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் வைரஸ் பரிசோதனைதான் உண்மையான ரிசல்ட். முன்பு 24 வாரமாக இருந்தது. திரும்புவதாக இருந்தால் அநேகமாக அதற்குள் திரும்பிவிடும். அதைத் தாண்டிவிட்டால் பிறகு திரும்புவது மிக மிக அபூர்வம்.

நம்ம ஊர் முத்துக்குளிப்பு வரலாறு படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாரில் சிப்பி கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் குளிப்பு அறிவித்துவிட மாட்டார்கள். அதிகாரிகள் போய்ப் பார்த்து, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, முத்தை மதிப்பிட்டு, தேறும் என்றால்தான் அறிவிப்பு. ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு சொல்வதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. குணமானவருக்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை பெரும்பாலும் ஆயுள் முழுக்க 'பாசிட்டிவ்' என்றே காட்டும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் மருத்துவச் சோதனையில் இந்தப் பரிசோதனை இருப்பதால், நம்ம மாதிரித் துறைமுக ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அந்த பாசிட்டிவைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று இடிந்துபோக வேண்டாம். வைரஸின் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். நிஜமாகவே வைரஸ் வந்திருந்தாலும் அது பழையதா, புதிதாகத் தொற்றியதா என்ற கேள்வியும் இருக்கிறது. ஒருமுறை குணமானதால் மறுபடி தொற்றாது என்று கிடையாது.

திரும்பிவிட்டால்?

வரலாறு சொல்வதை மட்டும் தொகுக்கிறேன். அதே மாத்திரையை நாமாகவே கடையில் வாங்கி மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. அதே மருந்தைத் திருப்பிக் கொடுத்ததில் என்ன கிடைத்தது என்பதை அந்த 5 சதவீதம் சொல்கிறது. போதாததற்கு, மருந்துக்குப் பழகிய வைரஸ் வருஷக்கணக்கில் உடலில் தங்கலாம். முன்பு எடுத்த மருந்தின் பெயர், எத்தனை வாரம், விட்டுப்போன நாட்கள் எல்லாம் எழுதிய பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்து ஈரல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஈரல் சுருங்கியிருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம், ஏனென்றால் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. தேசியத் திட்டத்தில் மறு சிகிச்சை தேவைப்படுகிறவர்களைப் பெரிய மையங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி-யோடு இருந்தார்கள். அவர்களில் சிலர் நம் தெருவிலும் இருப்பார்கள், நம் வகுப்பிலும் இருக்கலாம். சிகிச்சை முடிந்து நோய் திரும்பியவர் யாரையாவது நீங்கள் பார்க்கப் போனால் பத்தியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "டாக்டர் அடுத்து என்ன மருந்து சொல்லியிருக்காரு? கூட வரணுமா?" என்று கேளுங்கள்.

அடுத்த பதிவில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.